மழையில் போய்க் கேட்டவள்

"டாக்டரம்மா, காலு ரெண்டும் தூங்கிப்போச்சுன்னு சொல்றீங்க, சரி. அதுங்களோட கூடவே இருந்தவனும் தூங்கிட்டானா, இல்ல அவன் மட்டும் முழிச்சுப்பானா?"

தெர்லிஸ் இதைக் கேட்டபோது மருத்துவமனைப் பயிற்சிக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். தோள்பட்டை வலிக்காக வரும் லாரிக்காரர் ஒருவருக்கு, குடித்துக்கொண்டிருந்த தெரெரே பானம் மூக்கில் ஏறி இருமல் வந்துவிட்டது. அவன் காலைப் பிடித்திருந்த சுனில்தாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, காதுவரை சிவந்து, குனிந்து, அவனுடைய இடது காலை மடக்கி நீட்டத் தொடங்கினாள். அவன் கேட்டது ஒரு கேள்வி என்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

எங்கள் ஊரில் அப்படித்தான். காலை பத்து மணி ஆனதும் எந்த வேலையும் நிற்கும். பனிக்கட்டியும் இடித்த பச்சிலையும் போட்ட தெரெரே கூஜா வரும். கொம்புக் குவளை ஒன்று, உறிஞ்சும் குழல் ஒன்று, வாய்கள் பல. வட்டமாக உட்கார்ந்து குவளை கைமாறத் தொடங்கியதும் படுக்கையறைக் கதைகள் கிளம்பிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட அந்த வகை ஜோக்கு நாலைந்து தெரியும். தெபிகுவாரி ஆற்றின் இரு கரையிலும் இதற்குக் கூச்சப்படுகிறவர்களைப் பார்ப்பது அரிது. ஆனால் அதே விஷயத்தைச் சிரிக்காமல் பேசச் சொல்லுங்கள். புருஷன் பெண்டாட்டியிடம் பேசமாட்டான். அம்மா மகளிடம் பேசமாட்டாள். டாக்டரும் நோயாளியும் பேசவே மாட்டார்கள். சிரிப்பெல்லாம் வீட்டில் பேசும் குவாரனி மொழியில் நடக்கும், வைத்தியமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்பானிஷில் நடக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம். எத்தனையோ பேர் அந்த வெற்றிடத்தில் விழுந்து சத்தமில்லாமல் கிடந்தார்கள்.

சுனில்தா இந்த ஊர்ப் பெண்தான். நாலு அண்ணன்களோடு வளர்ந்தவள். அண்ணன்கள் கதை ஆரம்பித்தால் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விடுவாள். அவள் முகம் சட்டென்று சிவக்கும் என்பதாலேயே அவர்கள் வேண்டுமென்று ஆரம்பிப்பார்கள். ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியில் இடது ஓரத்தில் ஆடுவாள். ஒரு பந்தயத்தில் முழங்கால் திருகி, அதைச் சரிசெய்ய வந்த உடற்பயிற்சி மருத்துவம் அவளுக்குப் பிடித்துப்போய், அதையே படிக்கப் போனாள். அந்த ஆண்டு அவளுக்குக் கடைசி ஆண்டு. சனிக்கிழமை கல்லூரி. மற்ற நாட்களில் ஊர் மருத்துவமனையின் பின்கட்டில் உள்ள பயிற்சிக் கூடத்தில் வேலை. கூடவே எவெர் என்கிற வகுப்புத் தோழன். இருவருக்கும் மேலே பொறுப்பாளராக ஓவெலார் டீச்சர்.

தெர்லிஸ் ஆற்றங்கரைச் செங்கல் சூளையில் வேலை பார்த்தவன். பெண்கள் ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே நின்று ஊளையிட்டு உற்சாகப்படுத்தும் கூட்டத்தில் அவன்தான் தலைவன். புனித வாரத்தில் நெடுஞ்சாலையில் மரம் ஏற்றிய லாரிக்கு ஒதுங்கப் போய் மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தான். முதுகுத் தண்டு மார்புக்குக் கீழே அடிபட்டது. தலைநகரத்து மருத்துவமனையில் பல மாதம் கிடந்து சக்கர நாற்காலியில் திரும்பி வந்தான். விபத்துக்கு முன்பே நிமியாவோடு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். நிமியா சிபா ரொட்டி விற்கிறவள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடும் பஸ்ஸில் ஏறி, கூட்டத்தில் ஒரு ரொட்டிகூடச் சிந்தாமல் பின்வாசல்வரை போய் இறங்குகிறவள். சாதாரணமானவள் இல்லை.

திரும்பி வந்த முதல் வாரங்களில் தெர்லிஸ் வெறியோடு பயிற்சி செய்தான். கையால் உந்தி நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தாவ மிகச் சீக்கிரம் கற்றுக்கொண்டான். அந்த ஜோக்கைக் கேட்டுக் கூடம் சிரித்த நாளுக்குப் பிறகு மெல்ல மெல்லச் சுணங்கினான். வருவான், படுப்பான், கூரையைப் பார்ப்பான். காலை யாருடையதோ பொருள் மாதிரி சுனில்தாவின் கையில் விட்டுவிடுவான்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் ஒரு வகுப்பு நடந்தது. நோயாளியின் தாம்பத்திய வாழ்வைப் பற்றி நாம் பேச வேண்டுமா என்று பேராசிரியை கேட்டார். அவசியம் என்று நினைக்கிறவர்கள் கைதூக்கச் சொன்னார். எல்லாக் கைகளும் எழுந்தன. இதைப் பேசும் அளவுக்கு விஷயம் தெரிந்தவர்கள் என்றார். பாதிக் கைகள் இறங்கின. திங்கட்கிழமை போய் உங்கள் நோயாளியிடம் கேட்கப்போகிறவர்கள் என்றார். எவெருக்கு ஷூ நாடா அவிழ்ந்துவிட்டது. ஒருத்தி பையில் எதையோ தேடினாள். சுனில்தா கையை இறக்கவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் காதைச் சொறிந்தாள். நோயாளி கோபித்துக்கொண்டால் என்ன செய்வது, நம்மைத் தப்பாக நினைத்தால் என்ன செய்வது, பதிலுக்கு அவர் அழுதுவிட்டால் என்ன செய்வது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பேராசிரியை யாரையும் திட்டவில்லை. பயப்படுகிறவர் நீங்களா நோயாளியா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அந்த வார்த்தை சுனில்தாவைக் குத்தியது. திங்களன்று ஓவெலார் டீச்சரிடம் போய், தெர்லிஸிடம் கேட்கலாமா என்றாள். டீச்சர் கோப்பிலிருந்து நிமிரவில்லை.

"நம்ம வேலை எலும்பு, தசை. அந்த விஷயத்துக்கு மனநல நிபுணர் இருக்காங்க, சுனில்தா."

மனநல நிபுணர் எங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை வருவார். அன்று மழை பெய்தால் அதுவும் இல்லை.

இருந்தாலும் சுனில்தா கேட்டாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். எதிரே நாற்காலி போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பாடத்தில் இருந்தபடியே, சுத்தமான ஸ்பானிஷில், ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டாள். நம் மொழியில் சொன்னால் அது இப்படி இருக்கும்:

"தங்களது தாம்பத்திய வாழ்வு குறித்துத் தங்களுக்கு ஏதேனும் ஐயங்கள் உள்ளனவா?"

தெர்லிஸ் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்தினான்.

"இல்லை. அனைத்தும் இயல்பாகவே உள்ளன. மிக்க நன்றி."

கால் அசையவில்லை, கல்யாணம் நின்று கிடக்கிறது, ஆனால் அனைத்தும் இயல்பாகவே உள்ளன. எங்கள் ஊர்க்காரன் வேறு என்ன சொல்வான்? ஸ்பானிஷில் யார் எதைக் கேட்டாலும், வாத்தியாரோ போலீஸோ பாதிரியாரோ, எல்லாம் சரியாக இருக்கிறது ஐயா என்றுதான் சொல்லிப் பழக்கம். அப்படிச் சொன்னால்தான் அவர்கள் சீக்கிரம் போவார்கள். சுனில்தாவுக்கும் இது தெரியும். அவளும் அப்படிச் சொல்லியே வளர்ந்தவள். ஆனால் அந்த நிமிடத்தில் அவளுக்கு நிம்மதி தாங்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வந்து எவெரிடம், கேட்டாயிற்று, ஒன்றும் இல்லையாம் என்றாள். பெரிய பாரம் இறங்கிய மாதிரி அன்று மாலை ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போட்டாள்.

அடுத்த வாரம் தெர்லிஸ் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. அவனுக்குப் பதிலாக நிமியா வந்தாள்.

தலையில் கூடையோடு வாசலில் நின்றவளை சுனில்தா மரத்தடிக்கு அழைத்துப்போனாள். நிமியா கூடையை இறக்கவில்லை. தெர்லிஸ் தன்னைப் போகச் சொல்லிவிட்டான் என்றாள். இனிமேல் உன்மேல் ஆசையில்லை, எல்லைக்கு அப்பால் புவெனோஸ் ஐரெஸில் இருக்கிற உன் சித்தியிடமே போய்விடு, அங்கே வேலையாவது கிடைக்கும் என்றானாம். சித்தியும் வரச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பஸ். தெர்லிஸின் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

"நோயாளிங்க எங்கிட்ட என்ன சொன்னாங்கன்னு நான் வெளிய சொல்லக்கூடாது, நிமியா" என்றாள் சுனில்தா.

"அவன் என்ன சொன்னான்னு நான் கேக்கல. நீங்க அவனை ஏதாவது கேட்டீங்களா? அதச் சொல்லுங்க."

நிமியா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ் ஹாரன் கேட்டதும் சாலைப் பக்கம் ஓடினாள்.

மரத்தடியிலேயே நின்ற சுனில்தாவுக்கு அப்போதுதான் அந்த ஜோக்கு ஞாபகம் வந்தது. ஜோக்காகச் சொன்னால் மட்டுமே பேசக்கூடிய ஒரு விஷயத்தை அவன் ஜோக்காகவே கேட்டிருக்கிறான். அத்தனை பேர் நடுவே, அவளைப் பார்த்து, அவளுடைய பதிலுக்காகக் கேட்டிருக்கிறான். அவள் சிரித்திருக்கிறாள். பிறகு திரையை இழுத்துக்கொண்டு, அவனுக்கு எட்டாத மொழியில் கேட்டுவிட்டு, அவன் பேசவில்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

அன்றே வேலையை ஆரம்பித்தாள். முதலில் விஷயம் தெரியவேண்டும். கல்லூரிப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைத் தேடினாள். ஆசிரியர்கள் தாண்டிப்போன அத்தியாயம் அது. தலைநகரத்தில் தெர்லிஸ் இருந்த மருத்துவமனைக்குப் போன் போட்டு, ஒருவர் மாற்றி ஒருவராக, கடைசியில் முதுகுத்தண்டுக் காயங்களைப் பார்க்கும் ஒரு டாக்டரைப் பிடித்தாள். அந்த டாக்டர் வேகமாகப் பேசினார். நேரில் பார்க்காமல் உறுதி சொல்லமாட்டேன், ஆனால் அந்த இடத்தில் அடிபட்ட பலருக்கு வழி இருக்கிறது, அவனையும் அவளையும் சேர்த்து அனுப்பு என்றார். இதை ஏன் அவன் ஊருக்குப் போகும்போதே சொல்லவில்லை என்று சுனில்தா கேட்டாள். அவர், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தோம் என்றார்.

அடுத்தது வார்த்தை. ஸ்பானிஷ் வார்த்தைகள் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்து நின்றன. குவாரனி வார்த்தைகளோ ஒவ்வொன்றும் சிரிப்பை இழுத்துக்கொண்டு வந்தன. சுனில்தா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். ஜோக்கில் வரும் அதே வார்த்தைகளைச் சொல்வது. ஆனால் சிரிக்காமல் சொல்வது. பழகிப் பார்க்க எவெரைக் கட்டிலில் படுக்க வைத்தாள்.

முதல் தடவை எவெர் விழுந்து விழுந்து சிரித்தான். "உன் மூஞ்சியப் பாரு, தக்காளி. கேள்வி கேக்கறியா, இல்ல அடுப்புல உக்காந்திருக்கியா?" இரண்டாம் தடவை தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் விடாமல் மறுபடி ஆரம்பிக்க, பாதியில் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்து கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"எங்கப்பாவுக்குச் சர்க்கரை" என்றான். "ரொம்ப வருஷமாவே அவரும் அம்மாவும் தனித்தனி ரூம்ல படுக்கறாங்க. மாசாமாசம் டாக்டர்கிட்டப் போறாரு. இப்படி யாரும் அவரைக் கேட்டதில்ல."

வெள்ளிக்கிழமை தெர்லிஸ் வீட்டுக்குப் போவது என்று சுனில்தா முடிவு செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை மழை வந்தது.

மழை என்றால் எங்கள் ஊரில் எல்லாம் ரத்து. பள்ளிக்கூடம் கிடையாது, ஆஸ்பத்திரிக்கு நோயாளி வரமாட்டார், கல்யாணப் பேச்சுக்குப் போகிறவர்கள்கூட வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். மழை பெய்தது என்பதே முழுப் பதில். செம்மண் சாலைகளில் வண்டி போகாதபடி குறுக்கே சங்கிலி போட்டுவிடுவார்கள். மழையில் வெளியே கிளம்புகிறவன், ஒன்று பைத்தியமாக இருப்பான், இல்லையென்றால் சாவுச் செய்தி கொண்டு போவான். சுனில்தா அண்ணனின் மோட்டார் சைக்கிளை எடுத்தபோது நாலு அண்ணன்களும் கதவருகே வந்து நின்று பார்த்தார்கள். யாருக்கும் கிண்டல் வரவில்லை.

சங்கிலிக்கு அப்பால் சக்கரம் சேற்றில் புதைந்தது. வண்டியை ஒரு வேலியில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். வழியில் ஒவ்வொரு வீட்டுத் தாழ்வாரத்திலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். தெர்லிஸ் வீட்டு முற்றத்தில் அவள் கால் வைத்ததும் ஊரே மரியாதையாக ஞா சதுர்நினா என்று கூப்பிடும் அவனுடைய அம்மா, மாவுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"யாருடீம்மா செத்தது?"

"யாரும் சாகல, ஞா சதுர்நினா. தெர்லிஸோட கொஞ்சம் பேசணும்."

"இந்த மழையிலயா?"

"இந்த மழையிலதான்."

ஞா சதுர்நினா அவளை மேலும் கீழும் பார்த்தார். துண்டு ஒன்றைக் கொடுத்தார். மழைநாள் என்றால் பாலாடைக்கட்டி போட்ட அடை பொரிக்க வேண்டும், அந்த வேலை பாதியில் நிற்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார். தெர்லிஸின் அண்ணன் பிலிமோன் மாட்டுக் கொட்டகையில் இருந்தான்.

தெர்லிஸ் தாழ்வாரத்தில் நாற்காலியில் இருந்தான். சவரம் செய்து பல நாள் ஆன முகம். பக்கத்தில், சூடாகக் குடிக்கும் மத்தே இலைப் பானத்துக்குச் சுடுநீர் ஃபிளாஸ்க். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் அவன் என்ன சொன்னான் என்றே கேட்கவில்லை. சுனில்தா எதிரே உட்காரவில்லை. அவன் பக்கத்தில், இருவரும் முற்றத்தையே பார்க்கும்படி, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஃபிளாஸ்க்கைத் தன் பக்கம் எடுத்துக் குவளையில் நீர் ஊற்றி அவனிடம் நீட்டினாள். ஊற்றிக் கொடுக்கிறவர் கையிலிருந்து குவளையை வாங்காமல் இருக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது.

"தெர்லிஸ்" என்றாள், மழைக்கு மேலே குரலை உயர்த்தி, குவாரனியில். "நீ அன்னைக்கு ஒண்ணு கேட்ட. நாங்க எல்லாரும் சிரிச்சோம். அவன் முழிச்சுப்பானான்னு கேட்ட. அதுக்குப் பதில் கொண்டாந்திருக்கேன்."

அவன் குழலை வாயிலிருந்து எடுத்தான். சிரிப்பு வருகிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தான். முகம் செங்கல் மாதிரி சிவந்திருந்தது. ஆனால் சிரிப்பு இல்லை.

"சும்மா ஜோக்குக்குத்தான் கேட்டேன்" என்றான்.

"தெரியும். நான் ஜோக்குக்குச் சொல்ல வரல."

மழை கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தான். அவள் மறுபடி ஊற்றினாள். அதை வாங்கும்போது அவன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"காலைல சில சமயம் அவன் பாட்டுக்கு எழுந்திருக்கான். எனக்கு ஒண்ணும் தெரியல. பாத்தாத்தான் தெரியுது. செத்தவன் கண்ணைத் திறந்த மாதிரி இருக்கு. இத வெச்சு நான் ஒரு பொண்ணுக்கு என்ன பண்ண முடியும், நீயே சொல்லு. அவ முப்பது வருஷம் என்னைக் குளிப்பாட்டிக்கிட்டே இருக்கணுமா?"

நீங்க என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறவன் அன்று நீ என்றான். அவளுக்கு அதிலேயே பாதிப் பயம் போய்விட்டது.

அவள் சொன்னாள். அவன் அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கிற நரம்புகள் அறுந்துபோகவில்லை, மூளையோடு பேசுவதைத்தான் நிறுத்தியிருக்கின்றன, தொட்டால் அவை தாமே வேலை செய்யும், அதனால்தான் காலையில் அப்படி ஆகிறது என்றாள். போதாவிட்டால் மாத்திரை இருக்கிறது, ஆனால் டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டும், சூளை நண்பர்கள் கொண்டுவருவதை முழுங்கக் கூடாது என்றாள். முன்னாடியே சிறுநீரைக் காலி செய்துகொள்ள வேண்டும், மெத்தையில் எப்படிச் சாய்வது, யார் மேலே, எங்கே தலையணை என்பதையெல்லாம் கால் பயிற்சியைச் சொல்வதுபோலவே சொன்னாள். முன்னைப்போல் இருக்காது என்பதையும் மறைக்கவில்லை. உணர்ச்சி இருக்கிற இடம் உடம்பில் இன்னும் நிறைய இருக்கிறது, கழுத்து, காது, நெஞ்சு, அதை நீங்கள் இருவரும்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். பிள்ளைக்கும் வழி உண்டு, தானாக அமையாவிட்டால் டாக்டர்கள் உதவி செய்வார்கள் என்றாள்.

தெர்லிஸ் இப்போது முற்றத்தைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நிஜமாவா, இதை நீ புத்தகத்தில் படித்தாயா அல்லது என்னைச் சமாதானப்படுத்துகிறாயா என்று கேட்டான். கூரைச் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவன் மறுபடி கத்தினான். அவளும் கத்தினாள்.

எங்கள் பக்கத்து மழை கொட்டும்போது கொட்டும், நிற்கும்போது கத்தரித்த மாதிரி நிற்கும். அது அந்த நொடியில் நின்றது. சுனில்தாவின் குரல் மட்டும் நிற்கவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன், அவனுக்கு ஒண்ணும் ஆகல, நல்லா எழுந்து நிப்பான், நீ அவளைக் கூப்பிடற வழியப் பாரு!"

முற்றம் முழுக்க அது கேட்டது. கொட்டகையில் பிலிமோன் கையிலிருந்த வாளி விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். சுனில்தாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அடுப்பங்கரைக் கதவில் ஞா சதுர்நினா தட்டோடு நின்றார். தாழ்வாரத்துக்கு வந்து இருவர் நடுவிலும் தட்டை வைத்தார். மகனைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றார். பிறகு ஓர் அடையை எடுத்து அவன் கையில் வைத்து, "ஆனா கேட்டது நல்லதாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தெர்லிஸ் சிரித்தான். லாரிக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் விழுந்த நாளுக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான்.

"பஸ்ஸு எத்தன மணிக்கு?"

செம்மண் சாலையில் எந்த மோட்டார் வண்டியும் ஓடாது. சக்கர நாற்காலி ஓர் அடி நகராது. போனில் சொல்லிவிடேன் என்றாள் சுனில்தா. நிமியாவைப் போனில் போ என்று சொன்னவனே அவன்தான், அதே போனில் வா என்று சொல்லமாட்டானாம். பிலிமோன் மாடுகளைப் பூட்டினான். சூளைக்குச் செங்கல் ஏற்றும் வண்டி அது. அம்மாவும் அண்ணனும் சுனில்தாவுமாகத் தெர்லிஸோடு சேர்த்து நாற்காலியை அதன்மேல் தூக்கி வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். கயிற்றைக் கட்டும்போது தெர்லிஸ் தன் கையாலேயே முகத்தைச் சவரம் செய்துகொண்டிருந்தான், ஆடுகிற வண்டியில், கண்ணாடி இல்லாமல். தாடையில் வெட்டிக்கொண்டான்.

அந்த ஊர்வலத்தை எங்கள் ஊர் இன்னும் பேசுகிறது. சேறு மாடுகளின் முழங்காலைத் தொட்டது. வண்டிக்குப் பின்னால் சுனில்தா தள்ளிக்கொண்டு வந்தாள். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வீடு வீடாக ஆட்கள் எட்டிப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்க, பக்கத்து வீட்டு ரேடியோக்காரர் அதற்குள் எல்லாருக்கும் சொல்லிவிட்டிருந்தார். சிலர் கைதட்டினார்கள். சிலர் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள்.

தார்ச்சாலையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. மழையால் தாமதமாக வந்து, அவசரமாகக் கிளம்பத் தயாராக இருந்தது. நிமியா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் கியரைப் போட்டபோது பிலிமோன் மாடுகளை நேராகச் சாலைக்கு நடுவே ஓட்டி நிறுத்திவிட்டு, இறங்கி, மாட்டின் குளம்பில் ஏதோ குத்தியிருக்கிறது என்று குனிந்து தேட ஆரம்பித்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். பிலிமோன் இன்னொரு குளம்பைத் தூக்கிப் பார்த்தான்.

நிமியா இறங்கி வந்தாள். வண்டிச் சக்கரத்தின்மேல் ஏறி நின்று, என்ன வேண்டும் என்று கேட்டாள். தெர்லிஸ் அவள் காதருகே குனிந்து என்னவோ சொன்னான். நீளமாகச் சொன்னான். என்ன சொன்னான் என்பது அவர்கள் இருவருக்குத்தான் தெரியும். அவள் சொன்னது மட்டும் பஸ் முழுக்கக் கேட்டது.

"இவ்வளவுதானா? நான் உனக்கு வேற எவளோ கெடச்சுட்டான்னு நெனச்சேன்டா மடையா."

"இந்த நாற்காலியில நான் எவளைத் துரத்திப் பிடிப்பேன்?"

"உன்னை நம்ப முடியாது." அவள் அவன் காதைப் பிடித்துத் திருகினாள். திருகிய கையை எடுக்கவில்லை. பிறகு பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி, "என் மூட்டையை இறக்குங்க" என்றாள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். பிலிமோனுக்கு உடனே குளம்பு சரியாகிவிட்டது.

இருவரும் சேர்ந்து தலைநகரத்து டாக்டரைப் பார்த்தார்கள். மாத்திரை, சோதனை, சில ஏமாற்றங்கள், நிறையச் சிரிப்பு. கல்யாணம் நடந்தது. நாற்காலியிலிருந்து நேராகத் தாவுவதற்காகக் கட்டிலின் கால்களைப் பிலிமோன் ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கினான். எவ்வளவு அறுப்பது என்று அளந்து சொன்னவள் சுனில்தா. அளக்கும்போது அவள் முகம் சிவந்ததா என்று கேட்டால், சிவந்தது. இன்றும் சிவக்கிறது. வாய்தான் இப்போது மூடுவதில்லை.

கல்லூரியில் அவள் எழுந்து நின்று இந்தக் கதையைச் சொன்னாள், தெர்லிஸின் அனுமதியோடு. பேர் சொல்லாமல் சொல்கிறேன் என்று அவள் சொன்னதற்கு, பேரோடு சொல் என்றான் அவன். வகுப்பில் முதலில் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் எவெர் தன் அப்பாவோடு டாக்டரிடம் போனான். அப்பாவின் கட்டில் பழைய அறைக்குத் திரும்பியதை அவன் சொல்லவில்லை, அவனுடைய அம்மாதான் பஸ் நிறுத்தத்தில் எல்லாருக்கும் சொன்னார். ஓவெலார் டீச்சர் ஒருநாள் திரையை இழுத்துவிட்டு, இடுப்பு அறுவை முடிந்த ஓர் அம்மாளிடம் குவாரனியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்ததை சுனில்தா கேட்டாள். சத்தம் செய்யாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். இப்போது எங்கள் கூடத்தில் யார் படுத்தாலும் அவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, அவருடைய மொழியில், சிரிக்காமல். சிலர் இல்லை என்கிறார்கள். சிலர் அடுத்த தடவை வரும்போது, நீங்க அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களே என்று ஆரம்பிக்கிறார்கள்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ நர்ஸுக்கோ டாக்டருக்கோ உடற்பயிற்சி மருத்துவத்துக்கோ படிக்கிற பிள்ளை யாராவது இருப்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். விபத்துக்கும் அறுவைக்கும் நோய்க்கும் பிறகு, போ என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற யாரையாவது தெரிந்தால், அவரிடமும் சொல்லுங்கள். தெர்லிஸ் பேரையும் சுனில்தா பேரையும் தாராளமாகச் சொல்லலாம். அவர்கள் சம்மதம் கொடுத்துவிட்டார்கள்.